மிஷின் வச்ச கண்ணு

எழுந்திரிக்காத, படுத்துக்க. நாந்தான். அந்தப் பெல்லுல கைய வைக்காதடா தீபா. நர்சு மிஸி ஓடி வந்தா என்ன சொல்லப்போற? வாய்தான் கம்பி போட்டுக் கட்டியிருக்கே. எங்கப்பா கூடப் பொறந்த சித்தப்பா இவரு, என் தாடைய ஒடைச்சது இவருதான்னு எழுதிக் காட்டுவியா? காட்டு. நான் பேசி முடிச்ச பெறகு காட்டு.

பைய ஏன் அப்படிப் பாக்குற? எளநிதான்லா. கம்பி போட்ட வாய்க்கு ஸ்ட்ரா வச்சு உறிஞ்சலாம்னு கீழ கடைக்காரன் சொன்னான். இங்க வச்சிருக்கேன், குடிக்கிறதும் கீழ ஊத்துறதும் ஒன் இஷ்டம். மாப்பு கேக்க வரல. அத மொதல்லயே சொல்லிடுறேன். அப்பறம் சித்தப்பா மனசு மாறி வந்தாருன்னு ஒன் பொண்டாட்டி பிரமிளா ஈப்போ பூரா சொல்லிக்கிட்டுத் திரியக்கூடாது. அவதான் போலீஸ்ல ரிப்போர்ட் குடுத்திருக்கா, தெரியும். ரெண்டு நாளா ஜெலாப்பாங்ல நான் ஜாகா வேல, அதான் வாட்ச்மேன் வேல, பாக்குற ஸ்டோருக்கு போலீஸ் வந்து கேட்டுட்டுப் போவுது. நான் செமோர்ல என் கூட்டாளி மத்தியாஸ் வீட்ல படுத்திருக்கேன். ஓடி ஒளியறதுக்கு இல்ல. ஒன்னைப் பாத்துட்டு நானே ஸ்டேசனுக்குப் போயிடுவேன். இங்கேருந்து நேரா.

ஒரே ஒரு கேள்விதான். பதினாறாம் நாள் காரியத்துல அந்த டிவிக்குள்ளருந்து ஒங்கப்பன் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டானே, அந்த வார்த்த எங்கேருந்து வந்துச்சு? சாகறதுக்கு முன்னால ஒங்கிட்டச் சொல்லிட்டுப் போனானா? நீயா எழுதிக் குடுத்தியா? இல்ல, அந்த மிஷினு தானாப் பேசுச்சா? இவ்வளவுதான். அது தெரிஞ்சுட்டா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்.

ஏய், என்ன அது? யாரு இந்தப் பொம்பள? ஓ, நீ எழுதறத அது படிக்குதா. நிறுத்து. நிறுத்துங்கறேன்ல. நான் ஒங்கிட்டக் கேட்டா எவளோ ஒருத்தி, ரேடியோல செய்தி வாசிக்கிற மாதிரி, வணக்கம் சித்தப்பாங்குறா. இன்னொரு தடவ அவ வாயத் தொறந்தா அந்த ஹென்போன எளநிக்குள்ள போட்டுடுவேன். ஒன் வாயாலதான் சொல்லணும். சரி, ஒன் வாயத்தான் நான் ஒடைச்சு வச்சிருக்கேன். தலையையும் ஆட்டாத, இழுக்கும். இந்தக் கட்டில் கம்பியில தட்டு. ஒரு தட்டுன்னா ஆமா. ரெண்டு தட்டுன்னா இல்ல. புரியுதா?

நல்லது. இப்ப சொல்லு, ஒங்கப்பன் ஒங்கிட்டச் சொன்னானா?

அவசரப்பட்டுத் தட்டாதடா. நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள ரெண்டு தட்டு. பயத்துல தட்டுற தட்டு எனக்கு வேணாம். ரெண்டு மணி வரைக்கும் பாக்க விடுவானுங்க, நேரம் கெடக்கு. மொதல்ல நான் சொல்றதக் கேளு, அப்பறம் யோசிச்சுத் தட்டு.

ஒனக்கு மிஷினுன்னா சாமி. எனக்கு அப்படி இல்ல. நான் தெனமும் அதோட குடும்பம் நடத்துறவன். போன வருஷம் எங்க மொதலாளி தவுக்கே ஸ்டோரச் சுத்தி ஆறு கேமரா மாட்டினான். ஏஐ கேமராவாம். மனுசன் வேற, நாய் வேற, பூன வேறன்னு அதுவே பிரிச்சுப் பாக்குமாம். மனுசன் வந்தா மட்டும் தவுக்கே போன்ல மணி அடிக்குமாம். நாலு ஜாகா இருந்த எடத்துல மூணு பேர அனுப்பிட்டு என்னை மட்டும் வச்சுக்கிட்டான். மொதல் வாரமே கால்வாயிலருந்து ஒரு உடும்பு ஏறி வந்துச்சு. என் கை நீளம். கேமரா அத மனுசன்னு சொல்லிருச்சு. தவுக்கே பாதிச் சோத்துல எந்திரிச்சு காரப் போட்டுக்கிட்டு வந்து பாக்குறான், உடும்பு வாசல்ல நாக்க நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. அங்க்கள், இது யாருன்னு என்னையக் கேக்குறான். ஒங்க கேமராவுக்குத் தெரிஞ்சவரு போலன்னேன்.

சிரிப்பு வருதா. சிரிக்காத, வலிக்கும்.

அப்பறம் ஒரு நாள் மத்தியானம், நல்ல மழ. செம்புக் கம்பி திருட ஒருத்தன் வந்தான். கொட புடிச்சுக்கிட்டு வந்தான். அவ்வளவுதான் அவன் செஞ்ச தந்திரம். கொட புடிச்சவன் அதுக்கு மனுசன் இல்லையாம், மணியே அடிக்கல. நான் பாத்தேன். இந்த ஒத்தக் கண்ணால பாத்தேன். போனேன், கொடயப் புடுங்குனேன், அதாலயே அடிச்சேன். முதுகுல, முட்டியில, கொடக் கம்பியெல்லாம் பிரிஞ்சு கோழி றெக்க மாதிரி ஆவுற வரைக்கும். அவன் போதும் அண்ணே போதும் அண்ணேங்குறான். எனக்குப் போதல. பல்லு ஒண்ணு தார்ல விழுந்துச்சு. பொறுக்கி அவன் பாக்கெட்டுல போட்டு அனுப்பினேன். சாயங்காலம் தவுக்கே வந்து போனக் காட்டுறான். திருடன் உள்ள வந்தது அதுல இல்ல. நான் அடிச்சது மட்டும் இருக்கு, கண்ணாடி மாதிரி. அங்க்கள், இது ரொம்ப சுசா, கஷ்டம், போலீஸ் பாத்தா ஒங்களத்தான் புடிப்பான்னு சொல்றான். திருட்டு நடக்கவே இல்ல, அடி மட்டும் நடந்திருக்கு. அதான்டா ஒன் மிஷினு.

ஒன் போனு மட்டும் என்னவாம்? கவருமெண்டு உதவிப் பணத்துக்கு மூஞ்சியக் காட்டணும்னு ஒன் வீட்ல சோபால உக்கார வச்சு, போன என் மூஞ்சிக்கு நேராப் புடிச்சியே, ஞாபகம் இருக்கா? ரெண்டு கண்ணையும் சிமிட்டவும்னு அது சொல்லுச்சு. சிமிட்டினேன். மறுபடியும் சிமிட்டவும். சிமிட்டினேன். பன்னெண்டு தடவ. ஒத்தக் கண்ணன் ஒருத்தன் ஒலகத்துல இருப்பான்னு அதுக்கு ஒருத்தனும் சொல்லிக் குடுக்கல. நீ என்ன சொன்ன? சித்தப்பா, ஒங்களுக்கு உசுரு இருக்கான்னே இதுக்குச் சந்தேகமா இருக்குன்ன. பிரமிளா அடுப்படியிலருந்து எட்டிப் பாத்துச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். ஆனா மறக்கல. நான் எதையும் மறக்கறவன் இல்ல, அது ஒங்க குடும்பத்துக்கே தெரியும்.

இந்தக் கண்ணு எப்படிப் போச்சுன்னு ஒனக்கு என்ன சொல்லி வளத்தாங்க? மரக்கிள குத்திருச்சுன்னு. தட்டு, கேக்கட்டும்.

ஒண்ணு. ஆமா. நம்ம தோட்டத்துல கேட்டா எல்லாரும் அதத்தான் சொல்வாங்க. இன்னிக்கு ஒனக்கு நான் சொல்றேன்.

எனக்குப் பதினேழு, ஒங்கப்பனுக்கு இருவத்திரெண்டு. செமோருக்கு அந்தாண்ட ரப்பர் தோட்டம், இப்ப அங்க வரிச வரிசயா மாடி வீடு. ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நெரையில மரம். நீ டவுன்ல பொறந்தவன், மரம் வெட்டுறதுன்னா கோடாலி எடுத்துக்கிட்டுப் போறதுன்னு நெனப்ப. பட்டைய மெல்லிசா சீவணும்டா, சாய்வா, பால் எறங்குற அளவுக்கு. கொஞ்சம் ஆழமாப் போனா மரத்துக்குக் காயம். காயம் பட்ட எடத்துல பட்ட முண்டு முண்டா ஏறிக்கும், பெறகு அங்க கத்தி ஓடாது. கொலக் குத்தம் அது தோட்டத்துல. அன்னிக்கு ஒங்கப்பன் ஒரு பொண்ணப் பாக்க டவுனுக்குப் போற அவசரம். ஒங்கம்மா இல்ல, இது வேற. அவசரத்துல கன்னாபின்னான்னு வெட்டிட்டுப் போயிட்டான். முப்பது மரம் காயம். மறுநாள் காலையில பெரட்டுல எல்லாரும் வரிசையா நிக்கிறப்ப, வேல வாங்குற தண்டல் ஒங்கப்பன் பேரச் சொல்லிக் கூப்புடுறான். அப்பாவு, முன்னால வாடான்னான். வந்தான். தண்டல் அவன் கன்னத்துல ஒண்ணு வச்சான். ஒனக்கு மரம் இல்ல, போயி பொம்பளைங்களோட புல்லு வெட்டுன்னான். அத்தன பேரும் சிரிச்சாங்க.

யாரு காட்டிக் குடுத்தான்னு ஒங்கப்பன் யோசிச்சான். பக்கத்து நெரைக்காரன் நான். என்னைப் புடிச்சான். நான் சொல்லலடா. இன்னிக்கு ஒன் தல மேல அடிச்சுச் சத்தியம் பண்றேன், நான் சொல்லல. தண்டலுக்குக் கண்ணு இருந்துச்சு, அவனே பாத்தான்.

பால் ஸ்டோருக்குப் பின்னால வாளி கழுவுற தொட்டி இருக்கும். அங்க வச்சுக் கேட்டான். நீதானடா? இல்லன்னேன். நீதானடா? இல்லன்னேன். மூணாவது தடவ கேக்கல. கத்தி கையிலதான் இருந்துச்சு. மரம் வெட்டுற கத்தி, முனையில கொக்கி மாதிரி மடங்கியிருக்கும். வீசினான். வலியெல்லாம் அப்பறம். மொதல்ல சூடு. யாரோ கொதிக்கிற கோப்பிய மூஞ்சியில ஊத்துன மாதிரி. தொட்டித் தண்ணி பால் கலந்து வெள்ளையா கெடந்துச்சு, அதுல என் ரத்தம் சொட்டி நூல் நூலாப் போச்சு. ஒங்கப்பன் பாத்துக்கிட்டே நின்னான். அப்பறம் என்ன செஞ்சான் தெரியுமா? குனிஞ்சு கத்திய அலசுனான். ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பி அலசி, இடுப்புல சொருகிட்டு, அப்பறந்தான் என்னைத் தூக்குனான்.

எங்கப்பா, ஒங்க தாத்தா ராமையா, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர்கிட்ட கிள குத்திருச்சுன்னு சொன்னாரு. போலீஸுன்னு போனா ஒரு மவன் உள்ள போவான், வேல போவும், லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்வானுங்க. அதனால கிள. அண்டையில கிள, பெரட்டுல கிள, கோயில்ல கிள. ஒரு வாரத்துல எங்கம்மாவே நம்பிட்டாங்க. எந்த மரம்டா, காட்டு, அத வெட்டச் சொல்றேன்னு எங்கிட்டயே கேட்டாங்க. வீடு பூராப் பொய்யி, நான் ஒருத்தன் கண்ணுல பஞ்ச வச்சுக்கிட்டு நடுவுல உக்காந்திருக்கேன்.

அன்னிலருந்து எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். கண்ணு வேணாம், அது போனது போனதுதான். நாந்தாண்டா குத்துனேன், தப்புதான். இத அவன் வாயால சொல்லணும். நாப்பத்தேழு வருஷம்டா. ஒன் கல்யாணத்துல பந்தியில சோறு போட்டது யாரு? நான். ஒன் தங்கச்சி சாந்தினி சடங்குக்கு சீரு தூக்கிட்டு வந்தது யாரு? நான். எல்லாத்துக்கும் வந்தேன். அவன் எதுக்க நிப்பான், நானும் நிப்பேன். மழ வருமாங்குற மாதிரி வானத்தப் பாப்பான். நெஞ்சு கெட்டுப்போயி ஆஸ்பத்திரில கெடந்தப்பவும் வந்தேன். உள்ள போயிட்டு வெளிய வந்ததும் அண்ணி என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க. அவரு ஏதாச்சும் பேசுனாரான்னு கேட்டாங்க. ஒண்ணும் பேசல அண்ணி, செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டாருன்னேன். அன்னிக்குச் சாயங்காலம் போயிட்டான்.

அதுக்குப் பெறகு பதினாறாம் நாளு வாரேன்.

ஒங்க குடியிருப்புத் தாமான் மண்டபம், எம்பது பேரு. நீட்டா எல போட்டுப் படையல். ஆட்டுக்கறி, கருவாடு, ஒங்கப்பன் குடிக்கிற கறுப்பு பீரு, சுருட்டு. நடுவுல அந்தக் கத்தி. அண்ணி அதக் கழுவி, சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு, எலையில வச்சிருக்காங்க. அவரு ஒழச்ச கத்தின்னு வச்சாங்க, அவங்களுக்கு என்ன தெரியும்? பொறுத்துக்கிட்டேன். போட்டோ எங்கன்னு பாக்குறேன், போட்டோ இல்ல. டிவி. கதவு அகலத்துக்கு ஒரு டிவி. டிவிக்கு மால. டிவிக்கு விபூதி. பண்டாரம் டிவி முன்னால நின்னு சூடம் காட்டுறாரு, நீ பின்னாலருந்து பட்டன அமுத்துற, ஒங்கப்பன் எந்திரிச்சு வாரான்.

கொரலு அவந்தான். அத நான் ஒத்துக்குறேன். பேசறதுக்கு முன்னால தொண்டையக் கனைப்பானே, அதுகூட இருந்துச்சு. என் கையில மயிரு எந்திரிச்சு நின்னுச்சு. ஆனா என்ன செய்யிறான்? வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு, உச்சி வெயில்ல மரம் வெட்டுறான்! எவண்டா உச்சி வெயில்ல வெட்டுவான்? இருட்டோட போயி வெளுக்கறதுக்குள்ள வெட்டணும், வெயில் ஏறுனா பால் நின்னுடும். வெட்டு வேற, ரூலர் வச்ச மாதிரி நேராப் போவுது. சாய்வே இல்ல. அதுல பால் எப்படிடா மங்குல எறங்கும்? ஆனா எறங்குது. கொழாயத் தொறந்து விட்ட மாதிரி கொட்டுது. முப்பது வருஷம் மரம் வெட்டுன கெழவனுங்க எட்டுப் பேரு முன் வரிசையில இருந்தானுங்க. ஒருத்தன் வாயத் தொறக்கணுமே! எல்லாரும் கண்ணத் தொடச்சுக்கிட்டிருக்கானுங்க.

செல்லாயி, நல்லா சாப்புடுன்னான் ஒங்கம்மாவப் பாத்து. இருவது வருஷமா ஒங்கம்மாளப் பேர் சொல்லிக் கூப்புட்டானா அவன்? இந்தாம்பான். அது எப்படியோ போவட்டும். சாந்தினிக்கு ஒரு வார்த்த, ஒனக்கு ஒரு வார்த்த. அப்பறம் நான் வாரேன்.

படத்துக்குள்ள நான். தொப்பி, பால் தூக்குற காண்டாவாளி, பதினேழு வயசு. ஒங்கப்பன் என் தோள்ல கை போடுறான். நான் திரும்பிச் சிரிக்கிறேன். ரெண்டு கண்ணு. ரெண்டு முழுக் கண்ணு, மாட்டுக்கண்ணு மாதிரி பளபளன்னு. எனக்குன்னு இருந்த சின்ன வயசுப் படம் ஒண்ணே ஒண்ணு, ஐசி கார்டு மாத்தறதுக்கு எடுத்தது, கண்ணு போனப்பறம் எடுத்தது. அதத்தான் அண்ணி ஒனக்குக் குடுத்திருக்காங்க. நீ அத மிஷினுக்குள்ள போட்ட. அது பாத்துச்சு. ஏதோ படம் அழிஞ்சு போயிருக்கு, பாவம்னு நெனச்சு ஒரு கண்ண வரஞ்சு வச்சுருச்சு. எங்கப்பா கிளன்னு சொன்னாரு, அது அப்படியும் சொல்லல. ஒண்ணுமே நடக்கலன்னு சொல்லிருச்சு.

ஐயோ சித்தப்பா எவ்வளவு அழகுன்னு சாந்தினி கத்துறா. கைதட்டுறாங்கடா. காரிய வீட்ல கைதட்டுறாங்க.

அப்பத்தான் அவன் சொல்றான். தம்பி, நான் உனக்குச் செஞ்சது தப்பு, என்னை மன்னிச்சிடு. எதுக்குடா மன்னிப்பு? பக்கத்துல நிக்கிற எனக்குத்தான் ரெண்டு கண்ணும் இருக்கே! தோள்ல கை போட்டுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு நிக்கிறோம், எதுக்கு மன்னிப்பு? எம்பது தலையும் எம்பக்கம் திரும்புது. அண்ணி எந்திரிச்சு வந்து என் காலடியில உக்காந்துட்டாங்க. கேட்டுட்டாருல்ல, இனிமேயாவது விட்டுடுங்கன்னு என் முட்டியப் புடிச்சுக்கிட்டு அழுவுறாங்க. மத்தியாஸ் காதுல சொல்றான், அதான் கேட்டுட்டானே மச்சான், சரின்னு ஒரு வார்த்த சொல்லேன்லா. யாருகிட்டச் சொல்றது? டிவிகிட்டயா?

நாற்காலியத் தூக்குனேன். மடக்கு நாற்காலி, இரும்பு. அண்ணியத் தாண்டி ரெண்டே எட்டு. மொத அடி அவன் மூஞ்சியில. கண்ணாடி நட்சத்திரமா வெடிச்சுச்சு. மூஞ்சியில பாதி கறுப்பாப் போச்சு, மீதிப் பாதியில வாயி அசைஞ்சுக்கிட்டே இருக்கு. எல்லாரும் ஒத்துமையா இருங்கங்குறான். ரெண்டாவது அடி. சந்தோசமா இருங்கங்குறான். மூணாவது, நாலாவது, கைப்புடி வழுக்குது, என் கையில ரத்தம், எல பூரா கண்ணாடி, கறிக் கொழம்புல கண்ணாடி. பண்டாரம் தட்டத் தூக்கிக்கிட்டு ஓடுறாரு. நீ பின்னாலருந்து வந்து என் இடுப்பக் கட்டிக்கிட்ட. சித்தப்பா விடுங்க, அது வெறும் மிஷினு, வெறும் மிஷினுன்னு கத்துன.

அத நீ படம் போடறதுக்கு முன்னால சொல்லியிருக்கணும். எம்பது பேருக்கும் கேக்குற மாதிரி.

திரும்பி அடிச்சேன். கோவத்துல பாக்கலன்னு சொல்லமாட்டேன். நீ என் கண்ணு தெரியற பக்கந்தான் நின்ன. பாத்துத்தான் அடிச்சேன், நாற்காலிக் காலு ஒன் தாடையில எறங்குறத நானே பாத்தேன். காஞ்ச தென்ன மட்டை முறியிற மாதிரி ஒரு சத்தம். அண்ணி அப்ப அழுத அழுகை இருக்கே, ஒங்கப்பன் செத்தப்பகூட அப்படி அழல. ஒண்ணு மட்டும் போலீஸ் வந்தா சொல்லு. கத்தி எலையில இருந்துச்சு. கை எட்டுற தூரம். நான் எடுக்கல. என்னை விடச் சொல்லிக் கேக்கல, எத்தன வருஷம் போட்டாலும் இருந்துட்டு வாரேன், பத்து காஜா ஊரு ஜெயில்ல எனக்குத் தெரிஞ்சவனுங்க பாதிப்பேரு இருந்துட்டு வந்துட்டானுங்க. அண்ணன் கத்திய எடுத்தான், தம்பி எடுக்கல. அது எங்கயாச்சும் எழுத்துல இருக்கட்டும்.

இப்ப கேக்குறேன். நல்லா யோசிச்சுத் தட்டு. அந்த வார்த்தய ஒங்கப்பன் ஒங்கிட்டச் சொன்னானா? அந்த ஆஸ்பத்திரில, கடைசி நாள்ல, நான் வந்துட்டுப் போனதுக்கு அப்பறம். எதாச்சும் சொன்னானா? என்னைப் பத்தி?

ரெண்டு.

பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும். என்னைப் பாரு. ஒரு வார்த்தகூட இல்ல?

ரெண்டு. சரி. அப்ப நீ எழுதுனியா?

ரெண்டு. அப்ப எப்படிடா? காத்துலருந்து வந்துச்சா? சரி, எடு, போன எடு. அந்தப் பொம்பளைய மட்டும் பேச விடாத. நீ அதுகிட்ட என்ன கேட்டன்னு காட்டு. எழுத்தப் பெருசாக்கு. எனக்குப் படிக்கத் தெரியும்லா, மூணாம் வகுப்பு வரைக்கும் போயிருக்கேன். இன்னும் பெருசு.

அப்பா. ஒவ்வொருவரிடமும். ஒரு வார்த்தை பேச வேண்டும். அப்பாவும் சித்தப்பாவும். பேசிக்கொள்வது. இல்லை. முடிவு. நல்லதாக இருக்க வேண்டும்.

இவ்வளவுதானா? இதுக்குக் கீழ? இது அது எழுதுனதா. தம்பி, நான் உனக்குச் செஞ்சது தப்பு. முழுசும் அதுவேவா? நீ ஒரு எழுத்துகூட மாத்தல?

ஒண்ணு.

பேசிக்கறது இல்லன்னு போட்டா மன்னிப்புக் கேக்க வச்சுடும். அப்படின்னா தைப்பிங்ல எவனோ ஒருத்தன் இதேமாதிரி போட்டா அவனுக்கும் இதே வார்த்ததான் வரும். கடையில தொங்குற சட்ட மாதிரி. அண்ணன் தம்பி சண்டையா, இந்தா, இந்த அளவு. கண்ணும் அதுக்குத் தெரியாது, கத்தியும் தெரியாது, தொட்டியும் தெரியாது. ஒங்கப்பனையும் தெரியாது. குருட்டாம்போக்குல விட்டு அடிச்சிருக்கு. அதுக்குப்போயி நான் ஒன் தாடைய ஒடைச்சிருக்கேன்.

அப்ப ஒங்கப்பன் ஒருத்தருகிட்டயும் ஒண்ணும் சொல்லல. நெசம்தானே? வாயத் தொறக்காமத்தான் போயிருக்கான். சரி. அதான் தெரியணும் எனக்கு. ஒனக்குத் தெரிஞ்சுதான், எல்லாத்தையும் அவன் சொல்லிக் கேட்டுத்தான், அத்தன பேரு முன்னால என்னை நிக்க வச்சுப் படம் ஓட்டுறேன்னு நெனச்சுட்டேன்.

மணி ஆவுது, இப்ப வந்து எல்லாரையும் வெளிய தள்ளுவானுங்க. எளநியக் குடி, நேரமானா புளிச்சுடும். பிரமிளா வந்தா நான் வந்தேன்னு சொல்லு, சொல்லாட்டியும் சரி.

என்ன? எதச் சொல்லியிருப்பான்னா எழுதிக் கேக்குற? அதாண்டா, கடைசி நாளு ஆஸ்பத்திரில நீ ஒங்கம்மாளுக்குச் சாப்பாடு வாங்கக் கீழ போயிருந்தல்ல, அவங்க வெளிய பெஞ்சியில கண்ணசந்துட்டாங்க. அப்ப ஒங்கப்பன் சொன்னான்லா. செவுத்தையெல்லாம் பாக்கல, என்னையேதான் பாத்துக்கிட்டிருந்தான். மூஞ்சியில இருந்த மூச்சுக் குழாய ஒதுக்கிட்டு, நாந்தாண்டா குத்துனேன், தப்புடான்னான். அவ்வளவுதான் சொன்னான், அதுக்கே மூச்சு வாங்குச்சு. கைய நீட்டினான். நான் புடிச்சேன். புடிச்சு, சுண்டுவெரலப் பின்னால மடக்குனேன். மெதுவாத்தான் மடக்குனேன், முறியிற வரைக்கும். குளிப்பாட்டறப்ப வெரலு ஏன் இப்படி வீங்கியிருக்குன்னு நீ கேட்டப்ப, கட்டில் கம்பியில பட்டிருக்கும்னு சொன்னேனே, அது அதான். அவன் கத்தல. கைய எடுத்துக்கவும் இல்ல. கண்ணுல தண்ணி மட்டும் நின்னுச்சு. சரியாப் போச்சாடான்னு கேட்டான்.

இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.